ஈமத்தில் இட்ட நெல்

தொப்பம்பட்டிச் சமவெளியில் நின்று தெற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் தெரியும். அம்மலையின் மேலும் அடிவாரத்திலும் இரும்புக்கால மக்கள் தம் இறந்தோர்க்கு எடுத்த கல்வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஊரார் அவற்றைப் பாண்டவர் குழி என்றும் குள்ளர் வீடு என்றும் அழைக்கிறார்கள். மாண்டவர் குழி என்பதே பாண்டவர் குழி என மருவிற்று என்பாரும் உளர். பெயர் எப்படி வந்திருப்பினும் ஒன்று தெளிவு. அங்கே புதைந்திருப்போர் நம் முன்னோராக இருக்கலாம் என்னும் நினைவை அப்பெயர்கள் தாங்கி நிற்கவில்லை.

பண்டைத் தமிழரின் ஈம முறை ஒன்றல்ல. சுடுதல், வெளியில் இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், கல்லறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை வழக்கங்களை மணிமேகலை ஒரே இடத்தில் சொல்கிறது. பழனி மலையின் கற்திட்டைகளை ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இரு பாதிரிமார் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது.

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. ஒரு கல்லறையினுள் மண்டையோடும் எலும்புகளும், ஆயிரக்கணக்கான மணிகளும், இரும்புப் பொருள்களும் இருந்தன. நான்கு கால் கொண்ட சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. உடனிருந்த பானைத்தாங்கி ஒன்றில் வ, ய், ர எனப் படிக்கப்படும் தமிழி எழுத்துகள் காணப்பட்டன. அந்நெல்லைக் கரிமப் பகுப்பாய்வு செய்தபோது காலம் கி.மு. 490 என வந்தது. தமிழி எழுத்து அசோகருக்கு முந்தியதா என்ற வாதம் மீண்டும் சூடுபிடித்தது. ஒரு சில மாதிரிகளை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது என்று அறிஞர் சிலர் எச்சரித்ததும் நியாயமே.

எழுத்தைப் பற்றிய அந்த ஆரவாரத்தில் நெல்லை நாம் மறந்துவிட்டோம். உழைத்து விளைவித்த நெல்லை உண்ணாமல், விதைக்காமல், இறந்தவருடன் மண்ணுக்குள் வைத்து மூடினார்கள் என்றால், அவர்கள் எதை நம்பினார்கள்? தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலும் ஒரு முதுமக்கள் தாழியில் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. பிணத்தின் வாயில் அரிசியிடும் வாய்க்கரிசி நம் வீடுகளில் இன்றும் உண்டு. இரண்டுக்கும் இடையே அறுபடாத சங்கிலி இருக்கிறது என்று அடித்துச் சொல்ல நம்மிடம் சான்றில்லை. எனினும் இறந்தவரைப் பசியோடு அனுப்பக்கூடாது என்னும் மனம் இரண்டிலும் ஒன்றாகவே தோன்றுகிறது.

கல் நிறுத்திய மனிதரைப் புரிந்துகொள்ள நாகர்களின் மலைநாடு நமக்கு உதவும். அங்கே கல் எல்லாம் கல்லறை அல்ல. ஊருக்கே விருந்திட்டு உயர்வு பெற்றவன் தன் பெயர் நிற்கக் கல் நிறுத்துவான்; இறந்தவருக்காகவும் கல் நிற்கும். மரச்சட்டத்தில் பாறையை ஏற்றி ஊர் ஆடவர் திரண்டு இழுப்பதை ஹட்டன் 1920களில் விரிவாக எழுதினார். நாகர்களில் பெரும்பாலோர் கிறித்தவராகிவிட்ட இன்றும் சில ஊர்களில் அவ்வழக்கம் நீடிக்கிறது. நம் ஊர்ப் பலகைக்கற்களையும் யாரோ கூடித்தான் இழுத்திருப்பார்கள். அவர்களுக்கு யாரோ சோறிட்டிருப்பார்கள். கல்லறை என்பது தனியொருவரின் துயரம் மட்டுமன்று, ஓர் ஊரின் கூட்டுழைப்புமாகும்.

கல் பின்னர் நடுகல்லாயிற்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட மூன்று தமிழி நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் மாண்டவனைப் பெயர் சொல்லி நினைக்கிறது. பொருந்தலில் உறங்கியவருக்கோ கதை சொல்லும் கல் வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தவை சாடி நெல்லும் மூன்று எழுத்தும்தான்.

தமிழகமெங்கும் இத்தகைய ஈமக்காடுகள் வயல் சமன்படுத்தலுக்கும் கல்லுடைப்புக்கும் இரையாகி வருகின்றன. ஒரு கல்வட்டம் பெயர்க்கப்படும்போது போவது சில பாறைகள் மட்டுமல்ல. படிக்கப்படாத ஓர் ஏடும் போகிறது. பொருந்தலின் சாடி உடைந்து அந்நெல் உழவு மண்ணோடு கலந்திருந்தால், அதை இட்ட கையைப் பற்றி நாம் இன்று ஒரு சொல்லும் பேசியிருக்க முடியாது.