இடைப்படம் வரைந்தவர்கள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மாசிமகத்தன்று எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மயிலம் முருகன், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், தீவனூர் விநாயகர் எனத் தீர்த்தவாரிக்கு வருகிறவர்கள் எல்லாம் உற்சவ மூர்த்திகள். மூலவர் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. உற்சவரும் தானாக அசைவதில்லை; அதற்குத் தோள்கள் வேண்டும். 'சாமி ஆடி வருது' என்கிறோம். தூக்கி வருகிறவன் ஆடுகிறான் என்று யாரும் சொல்வதில்லை. நாம் 'பொம்மைப் படம்' என்று சொல்லி வளர்ந்த அனிமேஷனின் வரலாறும் இப்படியாகத்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது.

திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் பத்து நிமிடப் படத்துக்கு 7,200 ஓவியங்கள் தேவை. கை ஓங்கிய நிலை, கை இறங்கிய நிலை என்று முக்கியமானவற்றை மூத்த ஓவியர் வரைவார். இரண்டுக்கும் நடுவில் வருபவற்றை வரைபவர் இடைப்பட ஓவியர். அசைவு என்பது பெரும்பாலும் இவர் கையிலிருந்து வருவது. பெயரோ மூத்தவருக்கு, அதற்கும் மேலாக ஸ்டுடியோ முதலாளிக்கு.

இந்தப் பிரிவினை இயற்கையானதல்ல, வரலாற்றில் உண்டானது. 1947இலேயே தாணு 'சினிமா கதம்பம்' என்னும் குறும்படத்தைச் செய்துவிட்டார். ஆனால் இத்தொழில் நிறுவனமாக இறுகியது பின்னால்தான். டிஸ்னியில் 'பாம்பி' படத்தில் வேலை செய்த கிளேர் வீக்ஸ், 1956இல் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் பம்பாய் வந்து பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் நம் ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ராம் மோகன் உருவானது அங்கேதான். பனிப்போர்க் கால உதவியோடு வந்தது வெறும் உத்தி மட்டுமல்ல. ஓர் உடலின் அசைவைப் பல கைகளுக்குப் பங்குபோடும் தொழிற்சாலை ஒழுங்கும் கூடவே வந்தது.

தோற்பாவைக்கூத்துதான் அனிமேஷனுக்குத் தாய் என்று பெருமை பேசுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்துக் கலைஞர் ஒருவரே பாவையை ஆட்டுவார், ராமனுக்கும் பேசுவார், ராவணனுக்கும் பேசுவார். கலை அந்த உடம்போடு இருந்தது. ஸ்டுடியோ பாரம்பரியத்தை எடுத்துக்கொண்டது, மண்டிகரை எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னையின் பெண்டாமீடியா கிராபிக்ஸ் 2000இல் 'சிந்துபாத்', 'பாண்டவாஸ்' படங்களைக் கொண்டுவந்தது. 'சிந்துபாத்' முழுக்கவும் மோஷன் கேப்சர் முறையில் ஆனது. நடிப்பவரின் உடம்பில் குறிகளை ஒட்டி, அசைவை மட்டும் கணினி உறிஞ்சிக்கொள்ளும். முகமும் உடம்பும் வேண்டாம். சென்னையில் செய்த பாண்டவர் கதையோ ஆங்கிலம் பேசியது. ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. இந்தக் 'குழந்தைகள் படம்' எந்தக் குழந்தையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? 2008இல் ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனத்திலிருந்து வந்த 'சோட்டா பீம்' தொடரிலும் பெயர் இதிகாசத்திலிருந்துதான். பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் கேட்டான்: "அண்ணா, பீமு கட்டுமரம் ஏற மாட்டானா?" என்னிடம் பதிலில்லை.

குப்பத்து நண்பன் ஒருவன் படம் வரையத் தெரிந்தவன். சென்னையில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை செய்துகொடுத்த ஒரு கம்பெனியில் மூன்று வருடம் இருந்தான். "ஒரு நாளைக்கு இத்தனை செகண்டுன்னு கணக்கு மச்சான். ஒரு கொரங்கோட வாலை ஆட்டிக்கினே இருந்தேன். அது எந்த நாட்டு டீவியில வந்துச்சின்னுகூடத் தெரியாது." ஆர்டர் நின்றது, ஆளை அனுப்பிவிட்டார்கள். இன்று இடைப்படங்களை மென்பொருளே போட்டுவிடுகிறது. அடுத்து செயற்கை அறிவு என்கிறார்கள். பெயரே எழுதப்படாதவர்கள் தொழிலை இழந்தால் அது இழப்பாகக்கூடப் பதிவாகாது.

'முதல் படம்', 'முதல் ஸ்டுடியோ' என்று பட்டியல் போடும் வரலாறு நமக்குப் போதும். வாலை ஆட்டியவர்கள், வண்ணம் தீட்டியவர்கள், குறி ஒட்டிக்கொண்டு குதித்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வாய்மொழியிலிருந்து இந்த வரலாற்றைத் திருப்பி எழுதியாக வேண்டும்.

நண்பனின் அப்பா கடல் தொழில் செய்பவர். மகன் வேலை போய் வந்து நின்றபோது அவர் கேட்டது இதுதான்: "கூட வலை இழுத்தவனுக்குப் பங்கு கெடையாதா அதுல? அது என்னாடா தொழிலு?"