தால்சேரிலிருந்து வந்த கல்

சென்னையில் எழும்பும் அடுக்குமாடிகளில், பூச்சு வேலைக்கு முன் தெரியும் சாம்பல் நிறக் கல்லின் பூர்வீகம் பெரும்பாலும் ஒடிசா. தால்சேர் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் வரும். அங்கிருந்து கப்பலில் எண்ணூர். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதே முதலில் இந்தக் கரிக்காகத்தான். இறங்கிய கரி கன்வேயரில் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது.

நம் நாட்டுக் கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். பொடியாக்கி எரித்ததும் கனமானது அடியில் விழும். நைசானது புகையோடு மேலே ஏறும். புகைபோக்கிக்கு முன்பே மின்னேற்றிய தகடுகள் அதை இழுத்துப் பிடித்துவிடும். தகட்டைத் தட்டினால் கொட்டுவதுதான் ஃபிளை ஆஷ்.

இதற்கு மேல் அதன் தலையெழுத்து இரண்டு விதம். தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டால் சாம்பல் குளம். அந்தக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததையும், ஆழமும் மீன்பாடும் குறைந்ததையும் எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். உலர்ந்தபடியே டேங்கர் லாரியில் ஏற்றினால் சிமென்ட் ஆலை, இல்லையென்றால் கல் பட்டறை.

பட்டறையில் சாம்பலோடு கிரஷர் தூள், சிமென்ட் அல்லது சுண்ணாம்பும் ஜிப்சமும், கொஞ்சம் தண்ணீர். கலவையை அள்ளிப் பிடித்தால் பிடி கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஹைட்ராலிக் அச்சில் அழுத்தி எடுத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டுவார்கள். சாம்பலில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு மெதுவாகத்தான் இறுகும். அவசரத்தில் பச்சைக் கல்லை லாரியில் ஏற்றிவிட்டால் முனை உதிரும், பின்னால் சுவரில் கீறல் விடும். வாங்குகிறவர் இரண்டு கல்லை மோதிப் பார்க்கட்டும்: கணீரென்று கேட்க வேண்டும்.

செங்கல்லுக்குச் சூளை வேண்டும், வயலின் மேல்மண் வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். விளிம்பு நேராக இருப்பதால் பூச்சுக் கலவையும் மிச்சம். ஆனால் விளம்பரத்தில் பச்சை இலை போட்டு விற்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் கல்லின் புகை எண்ணூரில் ஏற்கெனவே போய்விட்டது. எப்படியும் எரியப்போகும் கரியின் சாம்பல் ஆற்றுக்குப் போகாமல் சுவருக்குப் போகிறது. அந்த அளவுக்குத்தான் பாராட்டு.

அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல்லில் 25 சதவீதமாவது சாம்பல் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 1999இலேயே அறிவித்தது. குளங்களில் தேங்கிய பழைய சாம்பலையும் பத்தாண்டுக்குள் பயன்படுத்தித் தீர்க்கச் சொல்கிறது 2021 அறிவிக்கை. பட்டறைகளுக்கோ குளத்துச் சாம்பல் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பருமன் கூடுதல், ஈரம் வேறு.