விடுபட்டுப்போன ஒரு வார்த்தை

இன்னிக்கு ஒரு சட்டத்துல இருந்து விடுபட்டுப்போன ஒரு வார்த்தையோட கதை.

1946-ல ஐ.நா. பொதுச்சபை போட்ட தீர்மானத்துல, அரசியல் குழுக்களை அழிக்கிறதும் இனப்படுகொலைதான்னு இருந்தது. 1948 டிசம்பர் 9-ல வந்த இனப்படுகொலை ஒப்பந்தத்துல அந்த 'அரசியல்' இல்லை. தேசிய இனம், இனக்குழு, மரபினம், மதம். இந்த நாலுதான். அரசியல் குழுக்களைச் சேர்க்கக்கூடாதுன்னு சோவியத் யூனியன் கடுமையா எதிர்த்தது. வேறு சில நாடுகளும் எதிர்த்தன.

அதோட விலை என்னன்னு லிதுவேனியாவுல தெரிஞ்சது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல சோவியத் கைக்குப் போன நாடு அது. அங்கே கெரில்லாக்கள் காட்டுக்குள்ள இருந்து பல வருஷம் சண்டை போட்டாங்க. 1953 ஜனவரியில சோவியத் பாதுகாப்புப் படை நடத்திய ஒரு வேட்டையில ரெண்டு கெரில்லா சகோதரர்கள் கொல்லப்பட்டாங்க. அதில் பங்கெடுத்த அதிகாரி வாசிலியாவ்ஸ்காஸை, சுதந்திர லிதுவேனியாவின் நீதிமன்றம் 2004-ல இனப்படுகொலைக் குற்றவாளின்னு அறிவிச்சது.

வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2015-ல தீர்ப்பு: 9 நீதிபதிகள் அவர் பக்கம், 8 பேர் எதிர்ப்பக்கம். கொலை நடக்கலைன்னு கோர்ட் சொல்லலை. 1953-ல இருந்த சர்வதேசச் சட்டப்படி அரசியல் குழுவை அழிப்பது இனப்படுகொலை இல்லை, அதனால முன்தேதியிட்டுத் தண்டிக்க முடியாதுன்னு சொன்னது.

முதல்ல படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசிச்சேன். செய்யும்போது சட்டத்துல இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லைங்கிற பாதுகாப்பை, தன்னால வேட்டையாடப்பட்டவங்களுக்குத் தராத ஒரு அரசோட அதிகாரிக்கு இந்தக் கோர்ட் தருது. கசக்கிற நியாயம், ஆனா நியாயம்.

கதை அங்கே முடியலை. அடுத்த வழக்கு ட்ரேலிங்காஸ். கெரில்லா தலைவர் அடோல்ஃபாஸ் ரமனாவ்ஸ்காஸ் முன்னாடி ஆசிரியரா இருந்தவர். 1956 அக்டோபர்ல அவரும் மனைவியும் பிடிபட்ட நடவடிக்கையில ட்ரேலிங்காஸுக்குப் பங்கு இருந்தது. ரமனாவ்ஸ்காஸைச் சித்திரவதை பண்ணி, 1957-ல கொன்னாங்க. மனைவிக்கு 8 வருஷம் சிறைமுகாம்.

இந்த முறை லிதுவேனிய உச்ச நீதிமன்றம் வாதத்தை மாத்தியது. கெரில்லாக்கள் வெறும் அரசியல் குழு இல்லை. ஒரு தேசிய இனம் பிழைச்சிருக்கக் காரணமா இருந்த முக்கியமான பகுதி, அவங்களை அழிச்சா அந்த இனத்தையே குறிவைச்ச மாதிரின்னு விரிவா எழுதியது. 2019-ல ஸ்ட்ராஸ்பர்க் 5-க்கு 2 என்று அதை ஏத்துக்கிட்டது.

ஒப்பந்தத்துல ஒரு எழுத்துகூட மாறலை. செத்தவங்க யாருங்கிற விளக்கம் மட்டும் மாறுச்சு. இனி எங்கேயாவது "இது இனப்படுகொலையா?"ன்னு விவாதம் நடந்தா, எத்தனை பேர் செத்தாங்கன்னு மட்டும் கேட்காதீங்க. அவங்களை எந்தக் குழுவா பார்த்துக் கொன்னாங்கன்னும் கேளுங்க. கோர்ட் கேட்கப்போற கேள்வி அதுதான்.