குடும்பத்திற்கு ஏற்ற திறன்பேசி எது? விலையோடு பாதுகாப்பு ஆண்டுகளையும் கணக்கிட வேண்டும்

ஹெப்பகோடி (பெங்களூரு): பெங்களூருவின் தெற்கு எல்லையில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஹெப்பகோடியின் ஒருபுறம் எலக்ட்ரானிக் சிட்டியும் மறுபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் உள்ளன. 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட நம்ம மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தில் இப்பகுதிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. மெட்ரோ பயணச்சீட்டு, மின்கட்டணம், பள்ளியின் வாட்ஸ்அப் அறிவிப்பு, ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் என இங்கு வாழும் குடும்பங்களின் அன்றாடத் தேவைகள் பலவும் இன்று கைபேசி வழியாகவே நிறைவேறுகின்றன.

ஒரு குடும்பத்தில் மூன்று அல்லது நான்கு திறன்பேசிகள் (ஸ்மார்ட்போன்கள்) இருப்பது இயல்பாகிவிட்டது. ஆனால் அவை அனைத்தும் ஒரே வகையாக இருக்க வேண்டிய தேவை இல்லை. கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கையையும் தள்ளுபடி விலையையும் ஒப்பிடுவோர் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் எண் உண்டு. அந்தக் கருவிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதே அது. அதை அடிப்படையாகக் கொண்டு, வெவ்வேறு விலைப் பிரிவுகளைச் சேர்ந்த ஆறு கைபேசிகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

பழைய கைபேசி யார் கைக்குச் செல்கிறது?

புதிய கைபேசி வாங்கும்போது பழையதைப் பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ கொடுப்பது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். இதனால், புதுப்பிப்புக் காலம் முடிந்த கருவி, மோசடி அழைப்புகளையும் போலி இணைப்புகளையும் எளிதில் அடையாளம் காண இயலாத முதியவரின் கைக்கே செல்கிறது. அவருடைய ஓய்வூதியக் கணக்கும் அதே கருவியில் இருக்கக்கூடும்.

இங்கு இருவகைப் புதுப்பிப்புகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்பு என்பது ஆண்ட்ராய்டு 14-இலிருந்து 15-க்கு மாறுவது போன்றது; புதிய வசதிகளைத் தருவது. பாதுகாப்புப் புதுப்பிப்பு என்பது மென்பொருளில் கண்டறியப்படும் ஓட்டைகளை அவ்வப்போது அடைப்பது. முன்னது தாமதமானால் வசதி குறையும். பின்னது நின்றுவிட்டால், அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமலேயே இருக்கும்.

இயங்குதளம் மிகவும் பழையதாகும்போது செயலிகளும் கைவிடுகின்றன. ஆண்ட்ராய்டு 4.4 கிட்காட் பதிப்பில் இயங்கும் கருவிகளுக்கு 2025 ஜனவரி 1 முதல் வாட்ஸ்அப் தனது சேவையை நிறுத்தியது. ஐஓஎஸ் 15.1-க்கு முந்தைய பதிப்புகளுக்கு அதே ஆண்டு மே 5 முதல் நிறுத்தியது. இதனால் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வாட்ஸ்அப் பயன்படுத்த இயலாமல் போனது.

ஒப்பிடப்படும் கருவிகள்

கீழே தரப்பட்டுள்ளவை அனைத்தும் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட அறிமுக விலைகள். சந்தை விலை காலத்திற்கேற்ப மாறுபடும்.

• ஜியோபாரத் வி2 (2023 ஜூலை): ரூ.999. விசைப்பலகை கொண்ட 4ஜி கைபேசி. யுபிஐ பணப்பரிமாற்ற வசதி உண்டு. ஜியோ சிம் மட்டுமே இயங்கும்.

• ரெட்மி ஏ4 5ஜி (2024 நவம்பர்): 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் ரூ.8,499. திரை 6.88 அங்குலம். பேட்டரி 5,160 எம்ஏஎச். இரண்டு ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பு, நான்கு ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு.

• மோட்டோ ஜி45 5ஜி (2024 ஆகஸ்ட்): 4 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பகம் ரூ.10,999. திரை 6.5 அங்குலம். பேட்டரி 5,000 எம்ஏஎச். ஒரு இயங்குதளப் புதுப்பிப்பு, மூன்று ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு.

• சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி (2024 அக்டோபர்): 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பகம் ரூ.18,999. திரை 6.7 அங்குல அமோலெட். பேட்டரி 5,000 எம்ஏஎச். ஆறு இயங்குதளப் புதுப்பிப்புகள், ஆறு ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு.

• கூகுள் பிக்சல் 9ஏ (2025 ஏப்ரல்): 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பகம் ரூ.49,999. பேட்டரி 5,100 எம்ஏஎச். இயங்குதளம், பாதுகாப்பு இரண்டிற்கும் ஏழு ஆண்டுகள்.

• ஆப்பிள் ஐபோன் 16இ (2025 பிப்ரவரி): 128 ஜிபி சேமிப்பகம் ரூ.59,900. திரை 6.1 அங்குலம்.

ஆப்பிளின் கடந்தகாலப் போக்கிற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2019-இல் வெளியான ஐபோன் 11, 2025-இல் வெளியான ஐஓஎஸ் 26 பதிப்பைப் பெற்றது. பிரிட்டனில் 2024-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஐபோன் 15 புரோ மேக்ஸ் கருவிக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என அந்நிறுவனம் அறிவித்திருந்தது.

ஓர் ஆண்டுக்கான செலவு

அறிமுக விலையைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஆண்டுகளால் வகுத்தால், பாதுகாப்பான ஓர் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது தெரியவரும். ரெட்மி ஏ4-க்கு இது சுமார் ரூ.2,125. மோட்டோ ஜி45-க்கு சுமார் ரூ.3,666. கேலக்ஸி ஏ16-க்கு சுமார் ரூ.3,167. பிக்சல் 9ஏ-க்கு சுமார் ரூ.7,143. ஐபோன் 16இ-க்கு ஐந்து ஆண்டு எனக் கொண்டால் ரூ.11,980, ஏழு ஆண்டு எனக் கொண்டால் சுமார் ரூ.8,557.

கடையில் ரூ.10,999-க்குக் கிடைக்கும் கருவி, ரூ.18,999 கருவியைவிட மலிவானது போலத் தோன்றும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது சுமார் ரூ.500 கூடுதலாகவே செலவு வைக்கிறது. குறைந்த விலை என்பதும் குறைந்த செலவு என்பதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. அதேவேளை, எல்லா மலிவு விலைக் கருவிகளும் இக்கணக்கில் பின்தங்குவதில்லை. பட்டியலில் உள்ள திறன்பேசிகளில் ஆண்டுச் செலவு மிகக் குறைவாக இருப்பது ரூ.8,499 விலையுள்ள ரெட்மி ஏ4-க்குத்தான்.

காலம் தொடங்குவது எந்த நாளில்?

நிறுவனங்கள் அறிவிக்கும் புதுப்பிப்புக் காலம் பொதுவாக அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. நுகர்வோர் வாங்கிய நாளிலிருந்து அல்ல. எனவே பழைய மாதிரியைத் தள்ளுபடியில் வாங்குவோர், எஞ்சியிருக்கும் ஆண்டுகளையே கணக்கில் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2026 அக்டோபரில் வாங்குவதாகக் கொள்வோம். கேலக்ஸி ஏ16-க்குச் சுமார் நான்கு ஆண்டுகள் எஞ்சியிருக்கும். ரெட்மி ஏ4-க்குச் சுமார் இரண்டு ஆண்டுகள். மோட்டோ ஜி45-க்கு ஓர் ஆண்டுகூட முழுமையாக இராது. பண்டிகைக்காலத் தள்ளுபடியில் பழைய மாதிரிகள் அதிக அளவில் விற்கப்படும் நிலையில், இக்கணக்கைச் செய்து பார்த்த பின்னரே முடிவெடுப்பது நல்லது.

குடும்பத்தில் யாருக்கு எது பொருந்தும்?

முதியோர்: அழைப்பு மட்டுமே போதும் என்போருக்கு விசைப்பலகைக் கைபேசியே எளிது. இணைய வசதி இல்லாத சாதாரணக் கைபேசியிலும் பணம் அனுப்ப வழிவகுக்கும் யுபிஐ 123பே சேவை 2022 மார்ச்சில் தொடங்கப்பட்டது. காணொளி அழைப்பில் பேரக்குழந்தைகளைக் காண விரும்புவோருக்குப் பெரிய திரையும் நீண்ட புதுப்பிப்புக் காலமும் கொண்ட கருவி ஏற்றது. இவ்விரண்டும் கேலக்ஸி ஏ16-இல் ஒருங்கே உள்ளன. அவசர காலத்தில், திறன்பேசியின் பவர் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தியோ, விசைப்பலகைக் கைபேசியின் 5 அல்லது 9 விசையை நீண்ட நேரம் அழுத்தியோ 112 உதவி எண்ணைத் தொடர்புகொள்ள விதிகள் வகை செய்துள்ளன. இதை வீட்டில் உள்ள முதியோருக்கு ஒருமுறை செய்து காட்டுவது பயனளிக்கும்.

வேலைக்குச் செல்வோர்: குடும்பத்தின் முதன்மை வங்கிக் கணக்கு யாருடைய கைபேசியில் உள்ளதோ, அவருக்கே நீண்ட புதுப்பிப்புக் காலம் கொண்ட கருவி தேவை. வீட்டில் ஒரு கருவிக்கு மட்டுமே கூடுதலாகச் செலவிட இயலும் எனில், அது இந்தக் கருவியாக இருக்க வேண்டும்.

மாணவர்கள்: பாடக் காணொளிகளும் ஆவணங்களும் சேரும்போது 64 ஜிபி சேமிப்பகம் விரைவில் நிறைந்துவிடும். இயங்குதளமும் செயலிகளும் அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால் 128 ஜிபி கொண்ட கருவியே ஏற்றது. ரெட்மி ஏ4, மோட்டோ ஜி45, கேலக்ஸி ஏ16 ஆகியவற்றில் நினைவக அட்டை பொருத்தலாம். பிக்சல் 9ஏ, ஐபோன் 16இ ஆகியவற்றில் அவ்வசதி இல்லை. கம்பி வழிச் செவிப்பேசி பயன்படுத்துவோர், கேலக்ஸி ஏ16-இல் அதற்கான 3.5 மி.மீ. துளை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரெட்மி ஏ4, மோட்டோ ஜி45 இரண்டிலும் அது உண்டு.

சிறுவர்கள்: தனிக் கைபேசி வழங்குவதைவிட, பெற்றோரின் பழைய கருவியில் கட்டுப்பாடுகளை அமைத்துத் தருவது பல வீடுகளில் நடைமுறை. ஆண்ட்ராய்டில் கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் ஆகியவை மூலம் பயன்பாட்டு நேரத்தையும் செயலிகளையும் வரையறுக்கலாம்.

5ஜி என்ற சொல் மட்டும் போதாது

ஜியோ நிறுவனம் தனித்தியங்கும் 5ஜி கட்டமைப்பைப் பயன்படுத்துகிறது. ஏர்டெல் தனது 5ஜி சேவையை 4ஜி கட்டமைப்பைச் சார்ந்த முறையில் தொடங்கியது. ரெட்மி ஏ4 5ஜி கருவியில் உள்ள சிப் தனித்தியங்கும் முறையை மட்டுமே ஆதரிக்கிறது. இதனால், அறிமுகமான வேளையில் அக்கருவியில் ஜியோ 5ஜி கிடைத்தது. ஏர்டெல் சிம்மில் 4ஜி மட்டுமே கிடைத்தது. பெட்டியில் 5ஜி என அச்சிடப்பட்டிருந்தாலும், தம்மிடம் உள்ள சிம் நிறுவனத்தின் 5ஜி அக்கருவியில் இயங்குமா என்பதைக் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

கர்நாடக எண் ஒன்றும் தமிழ்நாட்டு எண் ஒன்றும் வைத்திருப்போர், பிக்சல் 9ஏ, ஐபோன் 16இ ஆகியவற்றில் ஒரு சிம் அட்டை மட்டுமே பொருத்த இயலும் என்பதையும், இரண்டாவது எண்ணை இ-சிம்மாக மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மொழி வசதி

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16333 தரநிலையின்படி, நாட்டில் விற்கப்படும் கைபேசிகள் அட்டவணையில் உள்ள 22 மொழிகளின் எழுத்துகளையும் திரையில் காட்ட வேண்டும். தட்டச்சு செய்யும் வசதிக்கு ஆங்கிலம், இந்தியுடன் குறைந்தது ஓர் இந்திய மொழியே கட்டாயம். ஆயினும் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழும் கன்னடமும் உள்ளன. இவ்விரு மொழிகளிலும் குரல்வழித் தட்டச்சு 2017 ஆகஸ்டில் அறிமுகமானது. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் 2013 முதல் இடம்பெற்றுள்ளன. எனவே மொழி வசதியைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த திறன்பேசிக்கும் மலிவு விலைத் திறன்பேசிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வாங்கும் முன்பும் கொடுக்கும் முன்பும்

கைபேசிகளுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரல் 1 முதல் 18 சதவீதமாக உள்ளது. இது நாடு முழுவதும் ஒன்றே என்பதால், எல்லையைக் கடந்து ஓசூரில் வாங்கினால் வரி குறையும் என்பதில்லை. ஐஎம்இஐ எண் குறிப்பிடப்பட்ட ரசீதைப் பெறுவது அவசியம். *#06# என அழுத்தினால் அந்த எண் திரையில் தோன்றும்.

பயன்படுத்திய கைபேசி வாங்குவோர், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை உள்ளிட்டு, அக்கருவி முடக்கப்பட்டதா என்பதைச் சரிபார்க்கலாம். கைபேசி தொலைந்தால் அதை முடக்கக் கோருவதும் இதே தளத்தில்தான்.

பழைய கருவியை வீட்டில் மற்றொருவருக்குக் கொடுக்கும் முன், யுபிஐ செயலிகளில் உள்ள வங்கிக் கணக்கை நீக்கி, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். புதுப்பிப்புக் காலம் முடிந்த கருவியில் பாட்டு, காணொளி, அலாரம் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். வங்கிச் செயலியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. இணையவழிப் பண மோசடி நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

பழுதுநீக்கமும் ஆயுளும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகங்களும் கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் செய்த பின்னரும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்க வேண்டும். இந்தியாவில் பழுதுநீக்க உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பழுதுநீக்கக் குறியீடு குறித்து ஆராய்ந்த குழு, 2025 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறையிடம் அறிக்கை அளித்தது.

ஆறு ஆண்டு புதுப்பிப்பு கொண்ட கருவிக்கும் இடையில் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டிவரலாம். அச்செலவையும், அருகில் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் உள்ளதா என்பதையும் வாங்கும்போதே விசாரிப்பது நன்று.

சுருக்கமாக

கைபேசிக் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இந்த மாதிரி எப்போது வெளியானது? பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை கிடைக்கும்? என்னிடம் உள்ள சிம்மில் 5ஜி இயங்குமா? பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? இவற்றுக்கு விடை கிடைத்த பின், வங்கிக் கணக்கு இருக்கும் கைபேசிக்கு முன்னுரிமை அளித்து, மற்றவற்றைத் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்தால் குடும்பத்தின் பணமும் பாதுகாப்பும் ஒருசேரக் காக்கப்படும்.