சரண்டர் மதிப்பும் 'நான்-டீடெயில்' நூலும்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் ஆங்கிலம் படித்த மூத்த தலைமுறையினர் 'நான்-டீடெயில்' என்ற சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். சுருக்கி எளிமையாக்கிய ஒரு கதைநூல், பெரும்பாலும் அதனோடு ஒரு 'கைடு'. தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றுபோல வழங்கும் இச்சொல் சென்னை மாகாணக் காலத்து எச்சம். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. மறு ஆண்டு திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆட்சி எல்லை மாறியபோதும் பாடநூல்களை இப்படிப் பிரிக்கும் வழக்கம் நீடித்தது.

எளிமையாக்கிய நூல்களுக்கு ஆய்வடிப்படை தேடியவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய அவர், வங்காளத்தின் இருமொழியம் குறித்த நூலை 1926இல் வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட கருத்துகளுள் ஒன்று காப்பீட்டுத் துறையிலிருந்து வந்தது: 'சரண்டர் மதிப்பு'. பத்திரத்தை இடையில் ஒப்படைப்பவருக்கும் ஏதேனும் ஒரு தொகை கிடைக்கிறது. படிப்பை இடையில் நிறுத்தும் மாணவருக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன கிடைக்கிறது? பேச்சுக்குச் சூழலே இல்லாதவருக்கு வாசிப்பே கைகொடுக்கும் என்பது அவர் விடை.

அக்கால வாசகங்களில் பழைய இலக்கியச் சொற்கள் மிகுந்திருந்தன. புதுச்சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் குவிந்தன. வெஸ்ட் அவற்றைப் பொதுச்சொற்களால் மாற்றி, புதுச்சொற்களை இடைவெளிவிட்டுப் புகுத்தி, மீண்டும் மீண்டும் வரச் செய்தார். 1935இல் அவர் எண்டிகாட்டுடன் வெளியிட்ட அகராதியின் விளக்கங்கள் அனைத்தும் 1,490 சொற்களுக்குள் அடங்கின. 1953இல் வந்த பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். எளிமையாக்கம் இலக்கியத்தைக் குலைக்கிறது என்னும் குறை இலக்கிய வகுப்பில் நியாயமானதே. மொழி கற்பவருக்கு அது பெரிதாகப் பொருந்தாது.

வெஸ்டின் முறைக்கு உயிர் வாசிப்பின் அளவு. அகராதியைத் தேடாமல், தன் நிலைக்குச் சற்றே எளிதான நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க வேண்டும். தேர்வுமுறைக்குள் வந்த 'நான்-டீடெயில்' ஆண்டுக்கு ஒரே நூலாகச் சுருங்கியது. அந்த ஒன்றிலும் கதைச்சுருக்கம், பாத்திரப் பண்பு என விடைகள் மனப்பாடமாயின. பெயரில் 'நான்' இருந்தது. நடைமுறையில் அதுவும் இன்னொரு 'டீடெயில்'தான்!

நகரி, புத்தூர், குப்பம் போன்ற ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த மாணவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அவர்களுள் எட்டாம் வகுப்போடு நின்றவரையும் கணக்கில் கொண்டதே வெஸ்டின் கேள்வி. இரண்டாவது நூலைத் தானே தேடிப் படித்தவருக்கும் வினாத்தாளில் அதற்கென ஒரு மதிப்பெண்கூட இல்லை.