லிஸ்ப் மொழியிற் குறியீடும் மாறியும்

'கந்தன் வந்தான்' என்புழி ஆளையும், 'கந்தன் நான்கெழுத்து' என்புழிப் பெயரையும் கருதுகின்றோம். இவ்வேறுபாட்டைக் கணினி நிரலுக்குள் கொணர்ந்தது, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்தி 1958இல் வகுக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழி. அம்மொழியிற் பெயரும் ஒரு பொருளே. அதனைக் குறியீடு என்பர். எண்ணைப்போலப் பட்டியலில் இடலாம், ஒப்பிடலாம். மாறியோ, பெயரொன்றுக்கும் பெறுமானத்துக்கும் இடையே நிகழும் பிணைப்பு. பெயரை வாளா எழுதின் பெறுமானம் கிடைக்கும். மேற்கோட்குறியை முன்னிடின் குறியீடே கிடைக்கும்.

இத்தெளிவு தொடக்கத்தில் முற்றும் பேணப்படவில்லை. ஒரு சார்பு தனக்குள் வரையறுக்கப்படாத பெயரைச் சந்திப்பின், தான் எழுதப்பட்ட இடத்தை நோக்காது, தன்னை அழைத்த இடத்தில் அப்பெயருக்கிருந்த பெறுமானத்தை எடுத்துக்கொண்டது. நம்மூர்க் கந்தனுக்கு வந்த கடிதத்தைத் தபாற்காரர் வழியிற் கண்ட வேறொரு கந்தனிடம் கொடுத்தது போலாம்! மக்கார்தி இதனை விரைவில் திருத்தத்தக்க வழுவென்றே கொண்டார். அஃது எளிதில் நீங்கவில்லை. 1975இல் சஸ்மனும் ஸ்டீலும் ஆக்கிய ஸ்கீம் மொழியிலேதான் பிணைப்பு, எழுதப்பட்ட இடத்தைப் பற்றி நின்றது. அல்கோல் மொழி 1960இலேயே இவ்வழியைக் கைக்கொண்டமையை எண்ணுங்கால் இத்தாமதம் வியப்பே. 1984இல் கொமன் லிஸ்ப் இதனைப் பொதுவிதியாக ஏற்று, பழைய முறையைச் சிறப்பு மாறிகளுக்கென ஒதுக்கிற்று. இம்முறையில், உள்ளிட மாறியின் பெயரை மொழிமாற்றி துடைத்துவிடினும் கணிப்பு வழுவாது. நிரல் ஆளுங் குறியீட்டைத் துடைத்தலோ ஆகாது.