துளைச்சேறும் அதிர்சல்லடையும்: கூட்டுப்பொருள் புகுந்த வரலாறு

நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குதற்குச் சுளகும், மாவை அரித்துக் கப்பியை ஒதுக்குதற்கு அரிதட்டும் தமிழ் மக்களின் இல்லந்தோறும் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றன. வேண்டுவதையும் வேண்டாததையும் அசைவினாற் பிரிக்கும் இவ்வுபாயம் மனித குலத்துக்கே பொதுவானது. அவ்வுபாயம் சுரங்கத் தொழிலிற் பெரும் யந்திரமாக வளர்ந்தது. பின்னர் எண்ணெய்க் கிணறுகளின் வாயிலை அடைந்து, பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவருஞ் சேற்றை அரிக்கும் அதிர்சல்லடை எனப் பெயர் பெற்றது. இருப்பினாலும் உருக்கினாலும் ஆக்கப்பட்ட அவ்யந்திரத்தினுட் கண்ணாடி நாரும் பிசினும் புகுந்த வரலாறு, பொருள் ஒன்று ஏன் மாறுகின்றது, எவ்வளவிற்கு மாறுகின்றது என்ற வினாவுக்கு விடை தருவதாகும்.

நிலத்தைத் துளைக்குங் கலையிற் சீனர் முந்தியவர். சிச்சுவான் மாகாணத்து உப்புக் கிணறுகளை அவர்கள் மூங்கிற் கயிற்றிலே தொங்கிய இரும்புளியை ஏற்றி இறக்கி இடித்தே தோண்டினர். 1835ஆம் ஆண்டில் அங்கு முடிக்கப்பெற்ற சின்ஹாய்க் கிணறு 1,001 மீற்றர் ஆழமுடையது. உளி இடித்த கல் துளையிலுள்ள நீருடன் கலந்து சேறாக, அடியில் அடைப்பிதழ் பொருத்திய மூங்கிற் குழாயை இறக்கி அதனை அள்ளினர். மூங்கில் என்பது வலிய நார்கள் மென்மையான பொருளொன்றினுட் பொதிந்து நிற்கும் அமைப்பாகும். வேறுபட்ட இயல்புடைய இரு பொருள்கள் தத்தம் இயல்பு கெடாது ஒன்றையொன்று தாங்கி நிற்பதே கூட்டுப்பொருளின் இலக்கணமாதலால், மூங்கிலை இயற்கை சமைத்த கூட்டுப்பொருள் என்றே கூறுதல் வேண்டும். களிமண்ணுடன் வைக்கோலைக் குழைத்துச் சுவரெழுப்பிய முன்னோரும் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆகவே துளைத் தொழிலுக்குக் கூட்டுப்பொருள் முற்றும் புதியதன்று.

இடித்துத் துளைக்கும் முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. சேற்றை அள்ளும்போதெல்லாம் துளைத்தலை நிறுத்தவேண்டியிருந்தது. இக்குறையை நீக்கும் வழி 1840களில் ஐரோப்பாவிலே தோன்றிற்று. இங்கிலாந்தில் றொபேட் பேர்ட் என்பார், சுழலுங் குழாயொன்றினூடே நீரோட்டத்தைப் பயன்படுத்தித் துளைக்கும் முறைக்கு 1844ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். பிரான்சிலே போவெல் என்பார் உட்டுளையுள்ள தண்டுகளினூடே நீரைச் செலுத்திப் பெர்ப்பினியன் நகரிற் கிணறு துளைத்தார். துளைத்தலும் துகளகற்றலும் ஒருங்கே நிகழ்தல் இதனால் இயல்வதாயிற்று. எனினும் 1859ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் 69½ அடி ஆழத்தில் எண்ணெய் கண்டபோதும் பழைய இடிப்பு முறையே கையாளப்பட்டது.

சுழல் முறைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது ரெக்சாஸ் மாநிலத்துப் போமன்ற் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்பிண்டில்டொப் மேடாகும். 1901ஆம் ஆண்டு தை மாதம் 10ஆந் திகதி அங்கே அந்தனி லூக்காஸ் என்பாரின் கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 பீப்பாய் அளவிற் பல நாள் பாய்ந்தது. அக்கிணற்றைத் துளைத்த ஹமில் சகோதரர், இளகிய மணல் இடிந்து விழுவதைத் தடுத்தற்பொருட்டு, குளமொன்றினுள்ளே மாடுகளை நடக்கவிட்டுக் கலக்கிய சேற்றை நீருக்குப் பதிலாகச் செலுத்தினர் என்பது எண்ணெய்த் தொழில் வரலாற்றில் வழிவழியாகக் கூறப்பட்டு வருவது. களிமண் முதலியன கலந்த நீர் துளையின் சுவரிலே பூச்சாகப் படிந்து அதனைக் காக்கும் என்ற கருத்தைச் சப்மன் என்பார் 1887ஆம் ஆண்டிலேயே காப்புரிமை விண்ணப்பமொன்றில் வெளியிட்டிருந்தார். சேறு உளியைக் குளிர்விக்கும். துகளை மேலே கொணரும். துளையின் சுவரைப் பேணும். கீழேயுள்ள வாயுவின் அமுக்கத்தைத் தன் பாரத்தால் அடக்கும். இந்நான்காவது கடமையின் பொருட்டு, 1920களில் லூயிசியானாவில் ஸ்ட்ரௌட் என்பார் இரும்பொட்சைட்டு, பேரைற்று ஆகிய பாரமான கனிப்பொடிகளைச் சேற்றிற் கலக்கும் முறையை எடுத்துரைத்தார். அப்பொடிகள் அடியிற் படியாது மிதந்து நிற்றற்குப் பெந்தனைற்றுக் களிமண் 1929 அளவிற் பயன்படலாயிற்று.

இவ்வாறு குளத்துச் சேறு விலைகொடுத்து வாங்கும் சரக்காயிற்று. அதனை இழத்தல் பண நட்டம். அதனோடு கலந்த கல்துகளை விட்டுவைத்தலோ அதனினும் பெரிய கேடு. ஒரு மில்லிமீற்றர் பக்கமுடைய கனவடிவத் துகளொன்று, பத்திலொரு மில்லிமீற்றர் பக்கமுடைய துகள்களாக உடைந்தால் 1,000 துகள்கள் உண்டாகும். அவற்றின் மொத்த மேற்பரப்பு முன்னிருந்ததிலும் 10 மடங்காகும். மேற்பரப்புப் பெருகப் பெருகச் சேறு தடிக்கும், பம்பி தேயும், துளைக்கும் வேகம் குன்றும். முதற் சுற்றில் அகப்படாத துகள் மீண்டுங் கீழே சென்று மேலும் நுண்ணியதாகித் திரும்பும். அப்பொழுது அதனைப் பிடித்தல் மேலும் அரிதாகும். ஆதலின் துகளை அது பெரிதாயிருக்கும்போதே, கிணற்றின் வாயிலிலேயே பிடித்துவிடல் வேண்டும்.

தொடக்கத்தில் இவ்வேலையைச் செய்தவை நிலத்தில் வெட்டிய குழிகளே. சேற்றை அவற்றிலே தேக்கித் துகள் படியும்வரை காத்திருந்தனர். ஆயின் பாய்மமொன்றிற் சிறு துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. விட்டம் பத்திலொன்றாகக் குறையின் படிதற்கு வேண்டிய காலம் நூறு மடங்காகும். பெந்தனைற்றுச் சேற்றிலோ எதுவும் எளிதிற் படியாது. படியாமல் நிற்றற்பொருட்டே அக்களிமண் சேர்க்கப்பட்டது. இம்முரண்பாட்டைத் தீர்த்தற்குச் சுரங்கத் தொழிலிற் கனிக்கற்களைத் தரம்பிரித்து வந்த அதிர்சல்லடை 1930 அளவில் எண்ணெய் வயல்களுக்குக் கொணரப்பட்டது. 1950களிற் சுழற்கூம்புகளும் மையநீக்க யந்திரங்களும் அதற்குத் துணையாக வந்தன. எனினும் சேறு முதலிற் சந்திக்கும் யந்திரம் சல்லடையே. அது தவறவிட்டதைப் பின்னுள்ளவை முற்றாகத் திருத்தல் அரிது.

அதிர்சல்லடையின் அமைப்புக் கடினமானதன்று. சுருள்வில்கள் அல்லது இறப்பர்த் தாங்கிகளின் மீது ஒரு தொட்டி நிற்கும். அதனிலே பொருத்திய மின்மோட்டர் மையம் விலகிய பாரங்களைச் சுழற்ற, தொட்டி அதிரும். தொட்டியினுள் விரித்த கம்பி வலையினூடே சேறு கீழிறங்க, துகள் வலையின்மேல் தத்தித்தத்திச் சென்று வெளியே விழும். முற்காலத்து யந்திரங்களில் அசைவு ஒழுங்கற்ற நீள்வட்டமாயிருந்தது. 1960களில் வட்ட அசைவும், 1980களில் நேர்கோட்டு அசைவும் வழக்கிற்கு வந்தன. நேர்கோட்டு அசைவு துகளை மேல்நோக்கிய சரிவிலும் ஏற்றவல்லது. ஆதலால் மிக நுண்ணிய வலைகளையும் பயன்படுத்தல் இயன்றது. 74 மைக்கிரோனுக்கு மேற்பட்ட துகளை மணல் என வகுப்பது இத்தொழிலின் வழக்கு. பேரைற்றுப் பொடியிலோ 75 மைக்கிரோனுக்கு மேற்பட்ட பகுதி நூற்றுக்கு மூன்றுக்கு மிகலாகாது என்பது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் விதி. ஆகவே அவ்வெல்லையையொட்டிய கண்ணுடைய வலை, மணலை நிறுத்திப் பேரைற்றைச் செல்லவிடும்.

வலை நுண்ணியதாகுந்தோறும் கம்பி மெலியும். மெல்லிய கம்பி எதனாற் கெடுகின்றது என்பதை ஒரு கணக்கினால் உணரலாம். நிமிடத்துக்கு 1,800 முறை அதிரும் யந்திரம் ஒரு நாளில் 25,92,000 முறை அதிரும். பத்து நாளில் இரண்டரைக் கோடிக்கு மேலாகும். அசைவின் முழு வீச்சு 3.3 மில்லிமீற்றர் அளவினதே; எனினும் அதனால் விளையும் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஏறத்தாழ ஆறு மடங்காகும். ஒருமுறை வளைத்தால் ஒடியாத கம்பி பன்முறை வளைத்தால் ஒடிதலை யாவரும் அறிவர். உலோகக் களைப்பு எனப்படும் இக்குறையே சல்லடையின் முதற் பகை. தொட்டியின் பக்கங்களிலே போல்ற்றுகளால் இழுத்துக் கட்டப்பட்ட பழைய வலைகளில், இழுவை ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்திற் குறைந்தும் இருப்பின், தளர்ந்த பகுதி படபடத்துக் கிழிந்தது. அதனால் வலையை முன்னரே ஒத்த இழுவையில் உருக்குச் சட்டத்தோடு பிணைத்துத் தரும் முறை எழுந்தது. இழுவைக் குறை நீங்கிற்று. ஆயினும் பாரமும் துருவும் வந்தன. உப்புச் சேற்றில் நனைந்த சட்டங்களைத் தொழிலாளர் இரவும் பகலும் தூக்கி மாற்றவேண்டியதாயிற்று.

இதற்கிடையில் வேறொரு துறையிற் கூட்டுப்பொருட் கலை வளர்ந்து கொண்டிருந்தது. 1907ஆம் ஆண்டு லியோ பேக்லண்ட் செயற்கைப் பிசினாகிய பேக்லைற்றை ஆக்கினார். 1930களில் ஐக்கிய அமெரிக்காவிற் கண்ணாடியை நுண்ணிய நாராக்கும் முறை தொழிலளவிற் கைகூடிற்று. இரண்டாம் உலகப்போரின்போது, கண்ணாடி நாரைப் பிசினிற் பதித்துச் செய்த கவிகைகள் விமானங்களின் ரேடார்க் கருவிகளை மூடிக் காத்தன. 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பறோ ஆராய்ச்சி நிலையத்தில் வலிய காபன் நார் உருவாயிற்று. விமானத்திலும் படகிலும் பயன்பட்ட இப்பொருள்கள் எண்ணெய்க் கிணற்றின் சேற்றுமேடையை அடைதற்குப் பல ஆண்டுகள் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே கூட்டுப்பொருட் சட்டங்கள் பரவலாயின.

அச்சட்டத்தின் ஆக்கம் அறியத்தக்கது. அச்சொன்றினுள் மெல்லிய உருக்குக் கம்பிக் கூடு வைக்கப்படும். துண்டாக்கிய கண்ணாடி நார் கலந்த பொலிப்புறொப்பிலீன் அல்லது நைலோன் உருகிய நிலையில் அதனைச் சூழப் பாய்ச்சப்படும். ஆறியபின் அதன்மேல் வலையை விரித்து வெப்பத்துடன் அழுத்த, குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பு இளகிக் கம்பியைத் தன்னுட் கொண்டு இறுகும். இதனாற் பல நன்மைகள் விளைந்தன. சட்டம் இலேசானது, துருப்பிடியாது. வலை ஒவ்வொரு சிறு அறையின் எல்லையிலும் தனித்தனியே பிணைக்கப்பட்டிருத்தலின், ஓரறையிற் கிழிந்தாற் கிழிசல் அடுத்த அறைக்குப் பரவாது. அவ்வறையை மட்டும் ஓர் அடைப்பானால் அடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். முழு வலையையும் எறியவேண்டுவதில்லை.

சட்டத்தோடு நில்லாது, தொட்டியையே கூட்டுப்பொருளால் ஆக்கல் வேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. அதற்கு அடிப்படையாவது ஓர் எளிய இயக்க விதி. சுழலும் பாரமும் வேகமும் மாறாதிருப்பின், தொட்டி பெறும் ஆர்முடுகல் அதிரும் மொத்தத் திணிவுக்கு நேர்மாறானது. தொட்டியின் திணிவைக் குறைப்பின், அதே மோட்டர் கூடிய ஆர்முடுகலைத் தரும். அல்லது அதே ஆர்முடுகலைச் சிறிய மோட்டர் தரும். உருக்கியொட்டிய மூட்டுகளில் வெடிப்புத் தோன்றும் இடரும் குறையும். ஆயின் இதே விதிக்கு மறுபுறமும் உண்டு. பாரமான தொட்டியின்மீது சேறு வந்து விழுந்தால் மொத்தத் திணிவு சிறிது விகிதத்தாலேயே கூடும். இலேசான தொட்டியின்மீது அதே சேறு விழுந்தால் விகிதம் பெரிதாகி, அதிர்வு கூடுதலாகத் தளரும். எனவே இலேசாக்குதல் மட்டும் போதாது. பாரம் மாறுந்தோறும் அதிர்வை ஈடுசெய்யும் ஏற்பாடும் உடன் வேண்டும்.

வேறு குறைகளும் உள. ஆழத்திலிருந்து வருஞ் சேறு சூடானது. வெப்பத்தால் இளகும் பிசின் தன் விறைப்பை இழத்தல் கூடும். சேற்றிலுள்ள எண்ணெய் சில பிசின்களை ஊதவைக்கும். தேய்ந்த உருக்குச் சட்டத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம். நாரும் பிசினும் கம்பியும் ஒன்றாய் இறுகிய சட்டத்தைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. இணைந்து நிற்றலாகிய அதன் நற்குணமே ஈற்றில் அதன் குறையாகின்றது.

இவ்விடயம் இலாபக் கணக்கோடு முடிவதன்று. வடகிழக்கு அத்திலாந்திக் கடற்சூழலைப் பேணும் ஒஸ்பார் ஆணையத்தின் 2000/3ஆம் தீர்மானம் 2001ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எண்ணெய் சார்ந்த சேறு நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்பட்டுப் படிந்த கல்துகளைக் கடலிற் கொட்டுதலை அது தடைசெய்தது. அவ்வளவுக்கு உலர்த்துதல் சல்லடையால் மட்டும் ஆவதன்று. வேறு யந்திரங்களும் வேண்டும். எனினும் சல்லடை நன்கு வேலைசெய்யின், மீட்கப்படுஞ் சேறு கூடும். எஞ்சிய கழிவு குறையும். கிழிந்த வலையொன்றைக் கவனியாது விடுதலின் பயனைப் பம்பியும் கிணறும் கடலும் ஒருங்கே அனுபவிக்கின்றன.

இவ்வரலாற்றை நோக்குவோர்க்குப் புலப்படும் உண்மை ஒன்றுண்டு. கூட்டுப்பொருள் உருக்கை முற்றாக விரட்டிவிடவில்லை. துகளோடு நேரே பொருதும் வலை இன்றும் உருக்குக் கம்பியே; சட்டத்தினுள் மறைந்து நின்று வலுக்கொடுப்பதும் உருக்கே. துருவுக்கும் பாரத்துக்கும் ஈடுகொடுக்கும் இடத்திலேயே நாரும் பிசினும் அமர்ந்தன. எப்பொருள் எவ்விடத்திற்கு ஏற்றது என்பதைப் பொறியியலாளர் ஏட்டினால் மட்டும் அறிந்தாரல்லர். கிழிந்த வலையும் வெடித்த மூட்டும் துருப்பிடித்த சட்டமும் அவர்களுக்கு அதனைக் கற்பித்தன. மாடுகள் கலக்கிய குளத்திலிருந்து இந்நுண்வலை வரையும் நிகழ்ந்த ஒரு நூற்றாண்டு வளர்ச்சி, ஒருவர் ஒருநாளிற் கண்ட புதுமையன்று. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முன்னிருந்த குறையை மறையாது கண்டு, தன்னால் இயன்ற அளவு தீர்த்துச் சென்றதன் பயனேயாகும்.